ஆழ்கடலுக்கு ஒரு சட்டலைட் போன்

போன செவ்வாய்க்கிழமை கோமாரியிலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்து, கல்முனையில் என் ரிப்பெயார் கடை வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க என்னைத் திட்டினார்.

நியாயமான திட்டு. வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், நாங்கள் சட்டலைட் போன் வாங்கிய கதையை முதலில் சொல்ல வேண்டும்.

என் தங்கை ஜெஸீமாவின் மாப்பிள்ளை நவ்பர் ஆழ்கடல் படகு ஓட்டுகிறவர். ஐஸ் ஏற்றிக்கொண்டு போனால் பத்து நாளைக்குக் கரை இல்லை. யுத்த காலத்தில் பாஸ் இல்லாமல் ஒரு வள்ளமும் அசைய முடியாது. இப்போது யுத்தம் முடிந்துவிட்டது, போகலாம். எவ்வளவு தூரமும் போகலாம். திரும்பி வருவது அவரவர் பாடு!

இரண்டு மாதத்துக்கு முன் நடுக்கடலில் அவருடைய எஞ்சின் நின்றது. பிறகு பற்றரி இறங்கியது. பற்றரியோடு ரேடியோவும் செத்தது. ஐந்து நாள், நீரோட்டம் இழுத்த பக்கம் போனார்கள். ஆறாம் நாள் வேறொரு படகு கண்டு, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

அந்த ஐந்து நாளும் கரையில் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியோ நின்ற நாலாம் நாளே ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் ஒரு ராத்தா வெள்ளைப் புடவையே கொண்டு வந்திருந்தார் — புருசன் மவுத்தானால் பெண் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டுமே, அதற்கு. கரை ஒதுங்கிய மையித்து இல்லை. செய்தி இல்லை. புடவை மட்டும் தயார்!

ஜெஸீமா அந்தப் பையை வாங்கினாள். வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். "கொண்டு போங்க ராத்தா. இது எனக்கித் தேவல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். என் தங்கை அல்லவா.

நவ்பர் வந்து, குளித்து, சோறு தின்று முடிந்த பிறகு அவள் சொன்னாள்:

"கடல்ல இருந்து என்னோட கதைக்க ஏலுமெண்டா கடலுக்குப் போங்க. ஏலாதெண்டா படக வித்துட்டுக் கட்டாருக்குப் போங்க. அங்கயிருந்தாவது போன் வரும்."

நவ்பருக்குக் கடலை விட்டால் ஒன்றும் தெரியாது. பாலைவனத்தில் அவர் என்ன செய்வார்? ஆகவே, போன் வேண்டும். இல்லாவிட்டால் படகு போகும்.

என்னிடம் வந்தார். கூடவே தங்கராசா. கோமாரிக்காரர், நவ்பரின் படகில் எஞ்சின் பார்க்கிறவர்.

"மச்சான், நல்ல சட்டலைட் போன் ஒண்டு தெரிஞ்செடுத்துத் தாங்க. கெமரா உள்ளதாப் பாருங்க."

"கெமரா என்னத்துக்கு? மீன் சிரிக்கப் போகுதா?"

"மீனுக்கில்ல காக்கா" என்றார் தங்கராசா, அண்ணன் முறை வைத்து. "இவர் தன்ட தாடியப் படம் புடிக்க."

"நீ எஞ்சினப் பாரு. நடுக்கடல்ல நிக்காட்டி எனக்கி இந்தப் போனே தேவல்ல."

"எஞ்சின் நிண்டதா? டீசலுக்குள்ள தண்ணி வந்தா எஞ்சின் என்ன செய்யும், நீந்துமா?"

இப்படித்தான் இரண்டு பேரும். ஐந்து நாள் ஒரே படகில் சாவுக்குக் காத்திருந்தவர்கள் என்று யார் சொல்வார்கள்?

சட்டலைட் போனை நான் முதலில் கையில் பிடித்தது சுனாமி வந்து மூன்றாம் நாள். ஊரில் ஒரு லைனும் இல்லை. நிவாரணத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர், தடித்த அன்டெனா உள்ள போன் ஒன்றோடு நின்றார். நாங்கள் வரிசையில் நின்றோம். ஆளுக்கு ஒரு நிமிடம். நான் கட்டாரில் இருந்த தம்பிக்கு எடுத்தேன். "நானும் ஜெஸீமாவும் இரிக்கம். உம்மா இல்ல" என்றேன். அவன் அழுததைக் கேட்டுக்கொண்டு நின்றதிலேயே நிமிடம் முடிந்தது.

எனக்குப் பின்னால் நின்றவர் வெயிலுக்காகப் பள்ளிக்கூடக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். லைன் போனது. வெள்ளைக்காரர் அவரைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுவந்து, விரலால் வானத்தைக் காட்டினார். இந்தப் போனுக்கு வானம் தெரிய வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன்.

அதனால், ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கும், பாணமைக்கு அப்பால் சிக்னல் இல்லாத காட்டுக்குள் மாடு தேடிப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். கடைக்காரன் சொல்வதைக் கேட்காதீர்கள். அவன் கடலைக் கண்டதே கொழும்புக் காலி முகத்திடலில்தான்.

முதலில் கேட்க வேண்டியது — நான் போகிற இடத்துக்கு மேலே இந்தக் கொம்பனியின் சட்டலைட் இருக்கிறதா? சில கொம்பனிகளின் சட்டலைட் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். அந்தப் பக்கம் மறைவில்லாமல் இருந்தால் லைன் நிலையாகக் கிடைக்கும். ஆனால், அது எட்டாத நாடும் கடலும் உண்டு. வேறு சிலதின் சட்டலைட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்கக் கிடைக்கும்... ஒன்று போய் மற்றது வருமுன் சில வேளை பேச்சு அறுந்துபோகும். படகு போகிற திசையை வரைபடத்தில் காட்டிக் கேளுங்கள். "எல்லா இடமும் வேல செய்யும்" என்பவனிடம் வாங்காதீர்கள்.

பிறகு பொத்தான். மீன் அறுத்த கையால் அமத்திப் பாருங்கள் என்று கடையில் சொல்ல முடியாது. விரலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு அமத்திப் பாருங்கள். நான் பார்த்தேன். கடைக்காரனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கென்ன?

உப்புத் தண்ணீருக்குத் தாங்க வேண்டும். படகுப் பற்றரியில் சார்ஜ் ஏற்றுகிற வயர் வேண்டும். அதைவிட முக்கியம், படகுப் பற்றரி செத்தாலும் உதவுகிற மாதிரி போனுக்கு மேலதிகப் பற்றரி ஒன்று வேண்டும். நவ்பருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். சிம் கார்ட்டின் தவணை எப்போது முடிகிறது என்று பாருங்கள். பாவிக்காமல் வைத்திருந்தாலும் அது காலாவதியாகும். இந்தப் போன் வைத்திருக்கிற அனுமதிக் கடிதத்தை எடுத்து, உறையில் போட்டுப் போனோடு வையுங்கள். கடற்படை மறித்தால் ஒளிக்காதீர்கள், காட்டுங்கள். ஒளிக்கிற காலம் முடிந்துவிட்டது.

இவ்வளவும் பார்த்து, கொழும்புக்குப் போய்த் தெரிந்தெடுத்தேன். கெமரா இல்லை. செங்கல் மாதிரி ஒரு சாமான். கடற்கரையில் நின்று சோதித்தோம். நவ்பர் அடிக்க, பத்தடி தள்ளி நின்ற தங்கராசாவின் போன் அலறியது. "ஹலோ, கோமாரியா? மழையா அங்க?" என்று நவ்பர் கத்த, கரைவலை இழுத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாம் சரி.

ஒவ்வொரு நாளும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நவ்பர் வீட்டுக்கு அடிப்பதென்று பேச்சு. படகு போனது.

முதல் நாள் அஸர். அழைப்பு இல்லை.

இரண்டாம் நாள். இல்லை.

ஜெஸீமா போனைக் கையை விட்டு வைக்கவில்லை. சோறு கிண்டுகிற கையிலும் போன். நான் போன நேரம் கோபமாக இருந்தாள்.

"அவர் அடிக்கிற நேரம் பார்த்து ஆரோ ஒருத்தன் வெளிநாட்டு நம்பர்ல இருந்து அடிக்கிறான் காக்கா. லைன் பிஸியா இரிந்தா அவருக்குக் கிடைக்காதே. உடன உடன கட் பண்றன்."

"நல்ல வேல செஞ்ச" என்றேன்.

எனக்கும் ஒன்று வந்திருந்தது. தொடக்கமே எந்த நாடென்று விளங்காத நீளமான எண். நானும் கட் பண்ணியிருந்தேன்.

சிரிக்காதீர்கள். யுத்த காலத்தில் இந்தக் கரையில் கடை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், தெரியாத எண் என்றால் என்னவென்று. கப்பம்! என் கடைக்கும் ஒரு முறை வந்தது. என் பெயர் சொன்னான், மகள் படிக்கிற பள்ளிக்கூடம் சொன்னான், அவள் வீட்டுக்கு வருகிற வழி சொன்னான். அன்றைக்கு எங்கள் குடும்பத்துக்குச் சட்டம் போட்டேன். திரையில் பெயர் விழாத அழைப்பை ஒருவரும் எடுக்கக் கூடாது. இதே பத்திரிகைப் பத்தியில் உங்களுக்கும் எழுதினேன். பெரிய புத்திசாலி மாதிரி.

நவ்பர் அடித்தால் நவ்பரின் பெயர்தான் விழும் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் போன் பழுது பார்க்கிறவன்! அந்தப் போனின் எண்ணை எழுதிய துண்டை அனுமதிக் கடிதத்தோடு பத்திரமாக உறையில் போட்டேன். உறை படகில். வீட்டில் ஒரு பிரதி இல்லை. எண்ணைக் கேட்டு நாங்களே அவருக்கு எடுக்கலாமென்று கொழும்புக் கடைக்கு அடித்தேன். நீண்ட வார இறுதி லீவு, பூட்டு.

மூன்றாம் நாளும் போனது. பக்கத்து வீடுகளில் குரல் தாழ்ந்தது. வெள்ளைப் புடவை ராத்தா தங்கை வீட்டுக் கேற்றடியில் நின்று, என்னைக் கண்டதும் நடையைக் கட்டினார். ஜெஸீமா தொழுத பாயை விட்டு எழும்பவில்லை. "நான்தான் காக்கா போன் இரிந்தாப் போகலாமெண்டு சொன்னன்" என்றாள். "நானே அனுப்பிட்டன்."

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, அந்தப் பெண் கடைக்கு வந்தார்.

"நீங்கதானே போன் தெரிஞ்செடுத்துக் குடுத்த ஆள்?"

"ஓம்."

"போன் நல்லம். எடுக்கிற ஆக்கள்தான் சரியில்ல!"

தங்கராசாவின் மனைவி, புஷ்பம்.

"மூண்டு நாளா நவ்பர் காக்கா வீட்டுக்கு அடிச்சி அடிச்சிப் பாக்காராம். கட் பண்றீங்களாம். உங்களுக்கும் அடிச்சாராம், நீங்களும் கட். கடைசியா நேத்து இவர் எனக்கு அடிச்சி, உங்கட தங்கச்சிட நம்பரத் தந்து, எடுத்துச் சொல்லு எண்டார். நானும் அடிச்சன். என்னையும் கட் பண்ணிப்போட்டாங்க! என்னத்துக்கு வீட்டில போன் வெச்சிருக்கீங்க? நேரம் பாக்கவா?"

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்கு மூச்சு வந்தது. நவ்பர் உயிரோடு இருக்கிறார். மூன்று நாளாக அவரைத்தான் வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"நீங்க மட்டும் எப்படித் தெரியாத நம்பர எடுத்தீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் சத்தம் இறங்கியது.

"என்ட தம்பி வன்னியில இருந்தவன். கடைசி நேரத்தில என்ன ஆனான் எண்டு தெரியா. அவன் எந்த நம்பர்ல இருந்து அடிப்பான் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? எல்லாத்தையும் எடுப்பன். முதல் மணியிலயே எடுப்பன்."

ஒரே யுத்தம். எங்களுக்கு எடுக்காதே என்று படிப்பித்திருக்கிறது. அவருக்கு ஒன்றையும் விடாதே என்று. ஒரே கரையில், ஒரே படகுக்குக் காத்திருக்கிற இரண்டு வீடுகள். இதை எந்தப் பெரிய மனிதர் மேடையில் பேசினார்?

புஷ்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் ஜெஸீமா வீட்டுக்குப் போனேன். விசயத்தைச் சொன்னதும் தங்கை சிரித்தாளா அழுதாளா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. புஷ்பத்தின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அஸர் முடிந்தது. போன் அடித்தது. அதே நீள எண். ஜெஸீமாவின் பெருவிரல் பழக்கத்தில் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"எடுங்க தங்கச்சி!" என்று கத்தினார் புஷ்பம். "மணி நிண்டுரும்!"

எடுத்தாள்.

சட்டலைட் போனில் குரல் போய்ச் சேரக் கொஞ்சம் சுணங்கும். ஆகவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், மறுபடி ஒரே நேரத்தில் பேசினார்கள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். அதற்குப் போனில் குறை சொல்ல முடியாது.

"மூண்டு நாளா என்ன செய்றீங்க அங்க?" நவ்பரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"உங்களத்தான் கட் பண்ணிக்கிட்டு இரிந்தன்."

சுணக்கம். பிறகு அங்கே ஒரு சிரிப்பு. பின்னால் தங்கராசா என்னவோ கத்துகிறார், தாடி என்று மட்டும் விளங்கியது.

"மீன் எப்படி?"

"வந்த எடம் நல்லம். ஆனா நீங்க சொன்னா இப்பவே திரும்புறன்."

ஜெஸீமா எங்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"என்னத்துக்குத் திரும்புற? ஐஸ் முடியுமட்டும் இரிந்து வாங்க. நாளைக்கும் அடிங்க. இந்த முற எடுப்பன்."

படகு விற்கிற பேச்சு அதோடு முடிந்தது. கட்டாரும் முடிந்தது.

சட்டலைட் போன் தெரிந்தெடுக்கிற விசயத்தில் நான் எழுத மறந்த ஒன்று இதுதான். போனின் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதுங்கள். வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரின் போனிலும் பெயர் போட்டுப் பதியுங்கள். கூட வேலை செய்கிற எல்லாருடைய வீட்டு எண்ணையும் வாங்கி வையுங்கள், கோமாரியாக இருந்தாலும் சரி, பக்கத்துச் சொறிக்கல்முனையாக இருந்தாலும் சரி.

நேற்றுப் பின்னேரம் ஜெஸீமா வீட்டில் இருந்தேன். தெரியாத எண் ஒன்று வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். அரிசி ஆலை என்று நினைத்து யாரோ அடித்திருக்கிறான். இவள் ஸலாம் சொல்லி, ஊர் கேட்டு, பெயர் கேட்டு, ஆறுதலாகப் பேசிவிட்டுத்தான் வைத்தாள்.

"ராங் நம்பர் எண்டு தெரிஞ்சும் என்னத்துக்குக் கதைக்கிற?" என்று கேட்டேன்.

"புஷ்பம் அக்காட தம்பி நம்பர் மாறி எனக்கி அடிச்சாலும் அடிப்பான் காக்கா" என்றாள்.

பழைய பத்தியில் நான் போட்ட சட்டத்தை அடித்துவிடுங்கள். மணி கேட்டால் எடுங்கள்.