பொட்டு வச்சதோட சரி

கடலூர் செம்மண்டலத்தில் இறங்கி "கம்ப்யூட்டர் பாக்குற பிரிசில்லா" என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரரே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். பாலிடெக்னிக் முடித்து, ஒரு கடையில் ஆறு வருடம் அடுத்தவருக்காக ஸ்க்ரூ கழற்றி அலுத்துப்போய், ஒரு கறுப்புத் தோள்பையோடு தனியாகக் கிளம்பியவள். இப்போது வயது முப்பத்தெட்டு. கடை, போர்டு எதுவும் கிடையாது. அந்தப் பைதான் கடை.

எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கேள்வி கேட்பாள்: "கடைசியா என்னத்தத் தொட்டீங்க?" இத்தனை வருடத்தில் ஒருவர்கூட உண்மையை ஒப்புக்கொண்டதில்லை. கீபோர்டு முழுக்க டீயைக் கொட்டிய ஒரு வாத்தியார், "நான் தொடவே இல்லம்மா, டீதான் விழுந்துச்சு" என்றார். ஒருவிதத்தில் அது உண்மைதான் என்பதால் பிரிசில்லா கீபோர்டைக் கவிழ்த்து டீயை வடித்தாள்.

அவளிடம் ஒரு விரதம் உண்டு. யார் வீட்டு மெஷினில் பொட்டு இருந்தாலும் அந்தப் பொட்டில் கை வைக்க மாட்டாள். தொழிலுக்கு வந்த புதிதில், குறிஞ்சிப்பாடியில் ஒரு அரிசி மில்லில், மானிட்டர் தலையில் காய்ந்திருந்த சந்தனத்தை அழுக்கு என்று நினைத்துப் பளபளவென்று துடைத்துவிட்டாள். மில்காரரின் அம்மா போட்ட சத்தத்தில் மூட்டை தூக்குகிறவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கழுத்தில் சிலுவை தொங்க, கையில் துணியோடு நின்ற பிரிசில்லாவுக்கு உயிரே போய்விட்டது. அன்றோடு சரி. பொட்டு விசைக்கு மேலேயே இருந்தாலும் ஓரமாக நகத்தால் தட்டித்தான் வேலை பார்ப்பாள்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து பழைய வாடிக்கைக்காரி வினோதினி போன் செய்தாள்.

"அக்கா, செத்தேன்க்கா! லேப்டாப்ல நெட்டு வரல. மூணு மணிக்கு எனக்கு வைவா!"

வினோதினி முந்திரிப் பூவைக் கருக்கும் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஒன்பது வருடமாகச் செய்கிறாள். நடுவில் கல்யாணம், கொரோனா, மாறிப்போன கைடு எல்லாவற்றையும் தாண்டி, கடைசி வாய்மொழித் தேர்வான வைவா இன்றைக்கு வந்திருக்கிறது. தேர்வாளர் டெல்லியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாகக் கேள்வி கேட்பார். நாளை காலை அவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறினால் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்புவார். இன்று விட்டால் டாக்டர் பட்டம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

"அங்க கடை எதுவும் இல்லியா?"

"எல்லாம் பூஜ லீவுக்கா. நீங்க ஒருத்தருதான் தெறந்திருப்பீங்க."

பன்னிரண்டே முக்காலுக்குப் பிரிசில்லா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் குதித்து இறங்கினாள். வினோதினி வீட்டில் கல்யாணக் களை கட்டியிருந்தது. கேசரி வாசனை தெருமுனை வரை வந்தது. வினோதினி உடம்பில் பட்டுப்புடவையும் காலில் ஹவாய்ச் செருப்புமாக நடந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் பாலகுமார் ரௌட்டரைப் பதினோரு தடவை அணைத்துப் போட்ட பெருமையில் வியர்த்து நின்றான். மகளின் பெருநாளுக்காக ஊரிலிருந்து வந்திருந்த வினோதினியின் அம்மா கொளஞ்சியம்மாள், கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கடைசியா என்னத்தத் தொட்டீங்க?" என்றாள் பிரிசில்லா, செருப்பைக் கழற்றியபடி.

"யாரும் தொடல" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"பூஜைக்கு முந்தின நாளு வரைக்கும் நல்லாதான் ஓடிச்சுக்கா" என்றாள் வினோதினி. "பூஜைல வச்சது. நேத்து எடுத்துத் தெறந்தா நெட்டு இல்ல."

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கனத்த லேப்டாப் அது. மூடியில் ஒரு பெரிய பொட்டு, முன்விளிம்பில் வரிசையாக மூன்று. பிரிசில்லா வழக்கம்போலப் பொட்டுகளில் விரல் படாமல், சூடான பாத்திரத்தைத் தூக்குகிறவள் மாதிரித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோர் போனிலும் வைஃபை வந்தது. ஆகவே ரௌட்டர் நிரபராதி, பாலகுமார் அதைச் சித்திரவதை செய்தது வீண். லேப்டாப்பில்தான் வயர்லெஸ் அணைந்திருந்தது. திரையில் அதை இயக்கினால், இயங்குவது போலப் போக்குக் காட்டிவிட்டு மறுபடி அணைந்தது.

வைஃபையை ஓட்டும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. ரௌட்டரிலிருந்து வயரைச் செருகலாம் என்றால் அந்த ஓட்டையைப் பாலகுமார் எப்போதோ இழுத்து உடைத்து வைத்திருந்தான். வெளியே செருகுகிற குட்டி வைஃபையை முந்தாநாள்தான் ஒரு ஸ்டுடியோக்காரருக்குக் கொடுத்திருந்தாள். போனிலிருந்து கேபிள் போட்டால் அது சார்ஜ் மட்டும் ஏற்றியது. இரவல் வாங்கலாம் என்றால் தெருவில் யாரிடமும் லேப்டாப் இல்லை.

"நீ போன்லயே பேசிடேன்" என்றான் பாலகுமார்.

"நாப்பத்தாறு படம் காட்டிப் பேசணும். ஒங்க ஒடஞ்ச போன்ல பூச்சி எது, கீறல் எதுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று சீறினாள் வினோதினி.

மணி இரண்டு இருபது. பிரிசில்லா லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். எடுத்த வேலையை முடிக்காமல் அவள் எந்த வீட்டிலிருந்தும் இறங்கியதில்லை. அதைவிட, அந்தப் பட்டுப்புடவையைப் பார்க்கவே முடியவில்லை. ஒன்பது வருடம் கஷ்டப்பட்டவளிடம் 'முடியலம்மா' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"கடைசியா கேக்கறேன். இதுல யாரு என்னத்தத் தொட்டீங்க?"

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தினி வாட்டிம்மா சொல்றது? சரஸ்வதி பூஜைல வச்சத யாராச்சும் தொடுவாங்களா? நான் பொட்டு வச்சதோட சரி!"

பிரிசில்லா நிமிர்ந்தாள். டீ கொட்டிய வாத்தியார் நினைவுக்கு வந்தார்.

மெதுவாகக் குனிந்து முன்விளிம்பைப் பார்த்தாள். இரண்டு பொட்டுகள் உருண்டையாக இருந்தன. நடுப்பொட்டு மட்டும் இடது பக்கமாக இழுபட்டு, வால் முளைத்து நின்றது.

"அம்மா, இது மட்டும் ஏன் நீளமா இருக்கு?"

"அதுவா? அங்க என்னாவோ சின்ன மேடு. சந்தனம் நிக்காம வழுக்கிக்கினே போச்சு. நான் உடுவனா? நல்லா அழுத்தித் தள்ளி வச்சேன்."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கினாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, லேப்டாப் மடியில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "வினோ, அதுதான்டி வைஃபை சுவிட்சு! பழைய மாடல்ல அங்கதான் வரும். ஒங்கம்மா அணைச்சுட்டு, மேல சந்தனத்தப் பூசி சீல் வச்சுட்டாங்க!"

எல்லோரும் குனிந்து அந்த நடுப்பொட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒரு புதுச் சிக்கல் வந்தது. அதை யார் துடைப்பது? பிரிசில்லா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வினோதினி, "வைவா அன்னிக்கு சரஸ்வதி பொட்ட நான் அழிக்க மாட்டேன்" என்று இரண்டடி பின்வாங்கினாள். பாலகுமார் மின்விசிறியைப் பார்த்தான்.

"தள்ளுங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். "வச்சவ நானு, நானே எடுக்கறேன். எம்பொண்ணு டாக்டராவறதுக்கு சரஸ்வதியா கோச்சிக்கப்போறா?"

முந்தானையை நனைத்துத் துடைத்தாள். அடியிலிருந்த சுவிட்சை நகத்தால் வலப்பக்கம் தள்ளினாள். சின்னதாக நீல விளக்கு எரிந்தது. திரையில் தெருவிலுள்ள அத்தனை வீட்டு வைஃபையும் பந்திக்கு வந்தது போல வரிசையாக வந்து நின்றன. வினோதினி பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பாலகுமார் ஏனென்று தெரியாமல் ரௌட்டரைக் கும்பிட்டான்.

"அந்த எடம் வெறிச்சுனு இருக்கே" என்று கொளஞ்சியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"அம்மா!" என்று எல்லோரும் அலறினார்கள்.

மூன்று மணிக்கு வைவா தொடங்கியது. மூடிய கதவுக்கு வெளியே மூன்று பேரும் கேசரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலேகாலுக்கு உள்ளே கைதட்டல் கேட்டது. அதற்குப் பிறகு, "வாழ்த்துகள், டாக்டர் வினோதினி" என்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். கொளஞ்சியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. 'டாக்டர்' மட்டும் தெரியும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரிசில்லா கிளம்பும்போது கொளஞ்சியம்மாள் மறுபடி கிண்ணத்தோடு வந்தாள். பிரிசில்லாவின் நெற்றியைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள், கை பாதியில் நின்றது.

பிரிசில்லா பையை நீட்டினாள். "இதுக்கு வைங்கம்மா. இதுல சுவிட்சு ஒண்ணும் இல்ல. பாவம், பன்னெண்டு வருஷமா ஒழைக்குது. ஒரு பூஜகூடப் பாத்ததில்ல."

கொளஞ்சியம்மாள் சிரித்துக்கொண்டே, அழுத்தி, வட்டமாக வைத்தாள்.

பஸ்ஸில் பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டே வந்தாள் பிரிசில்லா. வீட்டில் அவள் கணவன் அன்பரசு பையை வாங்கி, "என்னாது, மஞ்சளா அழுக்கு?" என்று ஈரத்துணியை எடுத்தான்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று கத்தினாள் பிரிசில்லா.