மெழுகுதிரி முளைத்த மணல் வாளி

தீவுப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பரேசன் தியேட்டர் தாதியாக இருந்தவர் மேரிஜோசப்பின். சனத்துக்கு அவர் ‘மிசி’. முதுகுக்குப் பின்னால் ‘திரி ஊதி’. அந்தப் பட்டத்தை அவர் சும்மா வாங்கவில்லை.

உள்ளே ஒருவரைக் கத்திக்குக் கிடத்தினால் போதும், சொந்தக்காரர் வெளி விறாந்தையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிடுவார்கள். அதுவும் தியேட்டர் சன்னலுக்கு நேர் கீழே! மிசி ஓடிவந்து ஊதுவார்.

“உள்ளுக்கை ஒட்சிசன் ஓடுது. ஒரு பொறி காணும், குப்பெண்டு பத்தும். கோயில் றோட்டுக்கு அங்காலைதானே, அங்கை கொளுத்துங்கோவன்!”

“ஓம் மிசி” என்பார்கள். அவர் தலை மறைந்ததும் திரி மறுபடி எரியும். அவரும் ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறவர்தான். அதனாலேயே எரிச்சல் இரட்டிப்பு.

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் பட்டினத்துச் சுகாதாரக் கந்தோருக்கு நடையாய் நடந்து, நெருப்புப் பிடித்தால் அள்ளிக் கொட்டச் சிவப்பு மணல் வாளி ஒன்று வாங்கிவந்து சன்னலடியில் வைத்தார். கோயிலில் திரி நடும் மணல் தட்டுத்தான் சனத்துக்கு ஞாபகம் வந்தது. மறுநாளே வாளிக்குள் திரிகள் முளைத்திருந்தன. “விழாமல் நிக்குது மிசி” என்று நன்றி வேறு.

2004இல் சோளகக் காற்று வீசிய ஒரு காலை, கடற்றொழிலாளி ஜோர்ஜுக்கு ஹேர்ணியா ஒப்பரேசன். கொக்கி உடைந்த சன்னலைக் காற்று திறந்து, திரைச்சீலையை வாளித் திரியில் போட்டது. தீ சீலை வழியே உள்ளே ஏறியது.

மிசி முதலில் ஒட்சிசன் சிலிண்டரை மூடினார். டாக்குத்தர் ஜோர்ஜின் மேல் கிடந்த துணியைப் பறித்தெறிந்தார். மணலுக்கு ஓடிய மிசியின் கையில் ஒரு பிடிகூட வரவில்லை. உருகிய மெழுகில் வாளி முழுக்க ஒரே கட்டி. கடைசியில் சேலைன் போத்தல்களை வெட்டி ஊற்றித்தான் அணைத்தார்கள்.

ஜோர்ஜ் தப்பினார். மனைவி அந்தோனியம்மா முழந்தாளிட்டு அழுதார். “நான் திரி கொளுத்தினபடியால்தான் மிசி அவர் தப்பினவர்!”

“உம்மடை திரியாலைதான் நெருப்பே பிடிச்சது!”

“அந்த நெருப்புக்குள்ளாலையும் தப்பினாரெல்லே!”

மிசிக்குத் தலையைச் சுவரில் முட்டவேண்டும்போல் இருந்தது.

தையல் வெட்ட வந்த அன்று, புருசனும் பெண்சாதியுமாகப் புது வாளி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். நிறையக் கடற்கரை மணல். “பழையது இறுகிப்போச்செண்டு பேசினீங்களாம் மிசி.”

ஒருவருக்காவது விளங்கிவிட்டதே என்று மிசிக்குக் கண் கலங்கியது. வாளியை இரண்டு கையாலும் வாங்கினார்.

“இது நல்ல அகலம் மிசி” என்றார் அந்தோனியம்மா. “இருவது திரி வடிவா நடலாம்.”