ராகுகாலப் பள்ளிக்கூடம்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் நல்லசிவத்துக்கு வாய் முன்னால் போகும், மனுஷன் பின்னால்தான் போவார். இல்லையென்றால் பெற்ற மகளைப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்துகிற காரியத்தை நின்ற நிலையில் யாராவது முடிவு செய்வார்களா?

மகள் பிரீத்திகா நாலாம் வகுப்பு முடித்தும் வாசிப்பு ஏறவில்லை. எழுந்து வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் குழம்பும், மற்ற பிள்ளைகள் சிரிக்கும். "இது தேறாது சார்" என்று பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார். பிரீத்திகா அப்பாவின் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்லசிவத்தின் வாய் முன்னால் போய்விட்டது.

"எம்மவளுக்கு நானே சொல்லிக்குடுத்துக்கிறேன் டீச்சர். ஊருக்கே நாள் கெழமை சொல்றவன், எம்பிள்ளைக்கு எழுத்துச் சொல்லமாட்டனா?"

வீட்டில் மனைவி சொர்ணலட்சுமி தலையில் கைவைத்துவிட்டாள். "பத்தாவதுல நீங்களே கோட்டை விட்ட ஆளு. நீங்க வாத்தியாரா? ஆடிப்பெருக்கு வரைக்கும் பாப்பேன். அன்னைக்குப் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கணும். இல்லன்னா மதுரையில ஹாஸ்டல்தான்!"

ஆடிப்பெருக்கு அன்றுதான் காலண்டர்க்காரர்கள் புது வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜையில் வைத்து ஏஜெண்டுகளுக்குக் காட்டுவார்கள். அந்த நாளை மறந்துவிட்டேன் என்று நல்லசிவம் தப்பிக்க முடியாது. மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு இவருக்குச் சோறு இறங்குமா? இறங்காது. அது அவருக்கே தெரியும்.

பிரஸ்ஸுக்கு மேலே இருந்த மாடி அறை பள்ளிக்கூடம் ஆனது. அப்புறம் நடந்ததுதான் கூத்து. தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம் பார்க்காமல் நல்லசிவம் பல்கூடத் துலக்கமாட்டார். பாடம் மட்டும் சும்மா நடக்குமா? ராகுகாலத்தில் வாசிப்பு கிடையாது, எமகண்டத்தில் கணக்கு கிடையாது, குளிகையில் எதுவுமே கிடையாது. சூலம் எந்தத் திசையோ அந்தத் திசைக்குப் பிள்ளை முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அதனால் பெஞ்சு தினமும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பாவம், வெறும் சுவரைப் பார்த்துப் படித்தாள். மகளுக்குச் சந்திராஷ்டமம் என்றால் முழு லீவு. பல்லி கத்தினால் அரை லீவு.

பிரீத்திகா விவரமான பிள்ளை. காலையில் எழுந்ததும் மாடி அறைச் சுவரில் அப்பா மாட்டியிருந்த தினசரித் தாளின்முன் போய் நிற்பாள். விரலை வைத்து, உதட்டை அசைத்து, இன்றைக்குப் பாடத்துக்கு ஏதாவது தடை இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடுவாள். மகள் சாமி கும்பிடுகிறாள் என்று நல்லசிவம் பூரித்துப்போவார். பாடப்புத்தகத்தைத் திறந்தால் மட்டும் பழைய திணறல்தான். ஆடி பிறந்ததும் அவர் நாளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஆடிப்பெருக்கும் வந்தது. பூஜை முடிந்ததும் முடியாததுமாக, காலை எட்டு மணிக்கே சொர்ணலட்சுமி ஒரு கதைப்புத்தகத்தோடு மாடி ஏறிவிட்டாள்.

"எங்க, வாசிக்கச் சொல்லுங்க பாப்போம்."

நல்லசிவம் தாளை எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, ஏழரையிலேருந்து ஒம்பது ராகுகாலம். இப்பப் போயி வாசிக்கச் சொல்றியே!"

"சாக்குப்போக்கு சொல்லாதீக!"

அப்பா மாட்டிக்கொண்டார் என்றதும் பிரீத்திகாவுக்குப் பொறுக்கவில்லை. தாளுக்கு ஓடினாள். "நெசமாத்தாம்மா! இங்கன போட்டிருக்கு பாரு. ஆடி பதினெட்டு, திங்கட்கிழமை. சந்திராஷ்டமம் பூரம். சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை..."

படபடவென்று வந்தவள் சட்டென நின்றாள். விரல் மறுபடி மேலே போனது.

"அப்பா, திங்கட்கிழமைன்னு போட்டிருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்ல?"

நல்லசிவம் தாளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அடுத்த வருஷத்துக் காலண்டரின் புரூஃப்! மே மாதம் சரிபார்க்கக் கொண்டுவந்து மாட்டியவர், நேரத்தை மட்டும் பார்த்தாரே தவிரக் கிழமையைப் பார்க்கவே இல்லை. வருஷம் முழுக்க வரப்போகிற வருஷத்திலேயே குடியிருக்கிற ஆளுக்கு இந்த வருஷம் எங்கே கண்ணில் படும்?

"அடக் கடவுளே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "அப்ப ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நடத்துன பாடம் பூரா ராகுகாலத்துலயா? திங்கக்கெழமை காலையில நடத்துனதும் அப்படித்தானா? எம்பிள்ளை படிப்பை நானே கெடுத்துட்டனே!"

சொர்ணலட்சுமி அவரைப் பார்க்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் வாயை மூடுங்க. பிள்ளை சந்திராஷ்டமம்னு வாசிச்சா. கேட்டீகளா?"

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சொர்ணலட்சுமி கதைப்புத்தகத்தை நீட்டினாள். பிரீத்திகா அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. விரலை வைத்து ஆரம்பித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கியது. ஆனாலும் நிற்காமல் பக்கத்தை முடித்துவிட்டாள்.

நல்லசிவம் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். சந்தோஷத்தில் அழுகிறாரா, ராகுவை நினைத்து அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

சொர்ணலட்சுமி மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஹாஸ்டலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பாப்பா, கீழே போயி இந்த வருசத்துக் காலண்டரை எடுத்துட்டு வா. நாளைக்கு ராகுகாலம் எப்பன்னு வாசிச்சுச் சொல்லு. அந்த நேரத்துலயே பாடத்தை வச்சுக்கிடுவோம்."