கொக்கு நின்ற இடம்

என் வீட்டுக்காரரை ஊரில் கொக்கு என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான நீளக் கால், இடுப்பு வரை ரப்பர் உடுப்பு, ஆற்றில் மணிக்கணக்காக அசையாமல் நிற்பார். பேர் வைத்தவன் எவனோ, அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கும் இந்த ஊருக்கு வெளியாட்கள் வருவதே ட்ரவுட் மீன் பிடிக்கத்தான். அவர்களைக் கூட்டிப்போய், மீன் நிற்கும் இடத்தைக் காட்டி, தூண்டில் வீசச் சொல்லித்தருவது இவர் வேலை. முப்பத்தொரு வருடமாக அதுதான். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். கல்யாணமான புதிதில், இதற்கா இத்தனை பாடு என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே புழு வைத்துப் பிடிப்பதில்லை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, ஈ மாதிரியே செய்து, நைலான் நரம்பில் கட்டி நீர்மேல் வீச வேண்டும். அந்த ஈக்களைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து சுற்றுவது நான். குழம்பில் இறகு கிடக்கிறது என்று இவர் முகம் சுளித்தால், சுற்றுகிற கைதானே சமைக்கவும் செய்கிறது என்று வாயை அடைப்பேன்.

வேலையில் இவருக்கு ஒரே ஒரு சட்டம். வந்தவர் ஆற்றில் இறங்கினால், நீர் போகும் பக்கமாகப் பத்தடி கீழே இவர் நிற்பார். அவர் வழுக்கி விழுந்தால் ஆறே கொண்டுவந்து இவர் கையில் கொடுத்துவிடும். ஒருத்தரைக்கூடத் தன்னைத் தாண்டிப் போகவிட்டதில்லை. இவருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

போன வருடம் கண் கெட்டது. ஓரமெல்லாம் தெரிகிறது, நேரே பார்த்தால் நடுவில் சாம்பல் திட்டு. விழித்திரை தேய்கிறது, கண்ணாடியும் ஆபரேஷனும் உதவாது என்று டாக்டர் கையை விரித்தார். யாரிடமும் மூச்சுவிடாதே என்றார் இவர். நானும் விடவில்லை. அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

முள்ளின் ஓட்டையில் நரம்பைக் கோக்க இவரால் முடியவில்லை. ஒவ்வொரு ஈயையும் ஒரு சாண் நரம்பில் நானே கட்டி, மறுமுனையில் கண்ணி போட்டு, பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். முதல் வரிசை காலைக்கு, நடு வரிசை மதியத்துக்கு, கடைசி சாயங்காலத்துக்கு. தடவிப் பார்த்து மாட்டிக்கொள்வார். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்பது மனப்பாடம். அதோ நிற்கிறது பாருங்கள் என்று கையை நீட்டுவார். பாதி நாள் நிற்கவும் செய்யும். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து ஊரையே ஏமாற்றினோம்.

இந்த வருடம் முதலில் வந்தவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனிதர். ஒன்பது வருடமாக வருகிறவர், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். முதல் நாளே பாசிப் பாறையில் கால் வழுக்கி ஆற்றோடு போயிருக்கிறார். இவர் பாய்ந்து பிடித்துத் தூக்கி, "பிடிச்சிட்டேன் சார், பயப்படாதீங்க" என்று கத்தியிருக்கிறார். கையில் இருந்தது அந்த மனிதரின் தொப்பி. ஆள் இவரைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போய், கீழே ஆழமில்லாத இடத்தில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, தானே எழுந்து நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். போதும், நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஒரு உயிர் போனால் தாங்குவீர்களா என்று பிடிபிடியென்று பிடித்தேன். கடைசியில், "இந்த ஒரு சீசன் மட்டும்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மனசு கேட்காமல் மறுநாளைக்கும் மூன்று வரிசை கட்டினேன். ஆனால் நானும் கூட வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் இவர் கரையில் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்க்கிலிருந்து நான் ஊற்றிக் கொடுத்த டீயோடு ரயில்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் கண்ணுதான் அண்ணி போச்சு" என்றார் மெதுவாக. "கடைசி ரெண்டு கண் டெஸ்ட்டும் எழுத்தை மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணேன். ஒரு நாள் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிட்டேன். எதிர்ல வண்டி வரல, பிழைச்சேன்."

நேற்றே கண்டுபிடித்துவிட்டார், தொப்பியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்ட மகராசன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் பாத்துக்கிறேன்" என்று எழுந்து போனார்.

தண்ணீரில் இறங்கியதும் ரயில்காரர் தூண்டில் கோலை இவர் கையில் கொடுத்து, இன்றைக்கு நீங்கள் வீசுங்கள் என்றார். வந்தவர் காசு கொடுத்த நேரத்தில் தான் கோலைத் தொடுவதில்லை என்று இவர் மறுத்தார். எனக்காக ஒரு தடவை என்று அவர் விடவில்லை. இவர் வீசினார். அந்தக் கைக்குக் கண்ணே தேவைப்படவில்லை. நரம்பு நீளமாகப் பின்னால் போய், முன்னால் வந்து, நான் சுற்றிய ஈ பாறை ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. முப்பத்தொரு வருடத்தில் இவர் வீசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் புருஷன் எவ்வளவு அழகு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குள் ரயில்காரர் ஓசைப்படாமல் நகர்ந்து, இவருக்குப் பத்தடி கீழே போய் நின்றுகொண்டார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"கீழதான் நிக்கிறேன்ணா. நீங்க வீசுங்க."

இவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். கோல் மெல்லத் தாழ்ந்து அதன் நுனி தண்ணீரைத் தொட்டது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். மீன் ஒன்றும் கடிக்கவில்லை. பிறகு நரம்பைச் சுருட்டிக் கோலை அவரிடம் கொடுத்துவிட்டு, தடவித் தடவிக் கரையேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஈப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நாளைக்குக் கட்டாதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முந்தின நாள் அத்தனை சண்டை போட்டேன். வந்தபோது, அதைத் திரும்ப இவர் வாய்க்குள்ளேயே தள்ளிவிட முடியாதா என்று இருந்தது. பெட்டியில் மூன்று வரிசையிலும் சேர்த்து ஒரே ஒரு ஈதான் குறைந்திருந்தது.