கண் திறந்த ராணி

மதிவதனியை எங்களில் பலர் முதலில் பார்த்தது சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில். இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் தன் உயரத்துக்கு ஒரு பலகையை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் கண் எழுதாத ராணி ஒருத்தி.

"ராணிக்கு ஐடி கார்டு எங்க கீது?" என்றார் டிரைவர் ரத்தினம்.

"என் கார்டுலயே வருவாங்கண்ணா. ரொம்ப பேசினா உன்னயும் மந்திரியா வரஞ்சிடுவேன்."

பஸ்ஸே சிரித்தது. ராணி ஏறினாள்.

ஒரகடத்தில் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் லைனில் அவளுக்கு வேலை. மெஷின் வந்திறங்கும் பெட்டிகளின் பலகைகளில் ராஜா ராணிகளை வரைவாள். கிரீடத்துக்குக் கீழே, வேலையில் தலைமுடிக்கு மாட்டும் ஹேர்நெட் இருக்கும். முகமெல்லாம் லைனில் நிற்பவர்களின் முகம். ராஜா என்றால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டுமென்று எந்தக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறது என்று கேட்பாள்.

இந்த ராணியைக் கேட்டிருந்தவர் ஒரகடத்தில் கல்யாண மண்டபம் நடத்தும் ராஜசேகர். மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோ எடுத்துக்கொள்ள வாசலில் வைப்பதாகத் திட்டம். ஷிப்டுக்கு முன்னால் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கிய படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா இது? நம்ம கிட்ட எல எடுக்கற சரோஜா மாதிரியே கீது?"

"மாதிரி இல்ல சார். சரோஜாக்காவேதான்."

சரோஜாவும் லைனில் அவள் பக்கத்தில் நிற்பவள்தான். முகூர்த்த நாளில் லீவு போட்டுவிட்டு இங்கே எச்சில் இலை எடுப்பாள்.

"வெளயாடாத. இன்னும் கண்ணு தொறக்கல இல்ல? மூஞ்ச வெளுப்பாக்கி, மூக்கக் கொஞ்சம் இழுத்து வுடு. அப்புறம் தொற. இன்னும் நாலு மண்டபத்துக்கு நானே சொல்றேன்."

படம் வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். திறந்துவிட்டால் அந்த முகத்தில் மறுபடி தூரிகை படக்கூடாது. அது தெரிந்துதான் ராஜசேகர் முந்திக்கொண்டார். நாலு மண்டபம் என்றால் லைன் வேலையையே விட்டுவிடலாம். மதிவதனி யோசிக்கத்தான் செய்தாள். இலை வாளியோடு வந்த சரோஜா படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அடியே மதி, எனக்கா இம்மாம் பெரிய கிரீடம்? கழுத்து சுளுக்கிக்கப் போவுதுடி!"

மதிவதனி பையிலிருந்து தூரிகையை எடுத்துக் கறுப்பில் தோய்த்தாள். ராஜசேகர் "ஏய், ஏய்" என்பதற்குள் இரண்டு கண்ணும் திறந்தாயிற்று. ராணி நேராக அவரையே பார்த்தாள்.

"இது என் மண்டபத்துல நிக்காது!"

"வேணாம் சார். எங்க ராணி எதுக்கு உங்க வாசல்ல நிக்கணும்?"

பலகையின் ஒரு முனையை அவள் தூக்கினாள். வாளியைக் கீழே போட்டுவிட்டு மறுமுனையைச் சரோஜா பிடித்தாள்.

மதிவதனி இன்றும் அதே லைனில்தான் இருக்கிறாள். ஷிப்டு முடிந்து வந்து வரைகிறாள். சென்ற ஆண்டு அவளுடைய ராஜா ராணிப் படங்களைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் வைத்தார்கள். முகத்தை வெளுக்கச் சொல்பவர்களுக்கு அவள் வரைந்து தருவதில்லை.