சன்னம் இறங்கிய ஆழம்

குத்துவிளக்கு மினுக்கிய கையோடு மனைவி தேநீரைக் கொண்டுவந்து நீட்டினாள். கோப்பைப் பிடியில் பித்தளை நாற்றம். குடிக்காமல் வைத்துவிட்டேன். "இஞ்சரப்பா, சீனி கூடிட்டுதோ?" என்றாள். சீனிக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பித்தளை மணத்தாலே குமட்டிக்கொண்டு வரும். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போதுகூட மூச்சை அடக்கிக்கொள்வேன். ஐயர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

எல்லாம் இத்தாலியில், பலெர்மோவில் ஒட்டிய சனியன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பொலிதேயாமா பக்கம் ஒரு நான்காம் மாடி வீட்டில் வேலை செய்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், மனைவியை இழந்தவர். சின்யோரே, ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிறு தவறாமல் மலைப்பக்கத்துச் சுடுதளத்துக்குப் போய் அட்டையில் குறிபார்த்துச் சுடுவார். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பின்னறையில் குந்தியிருந்து புதிதாக வெடிமருந்து நிரப்பி, வாயில் புதுச் சன்னம், அதுதான் ஈயக்குண்டு, பொருத்துவார். கோதுகளைக் கழுவி மினுக்குவது என் வேலை.

யோசித்துப் பாருங்கள். சன்னத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவன், சிசிலியில் குந்தியிருந்து கோதுக்குச் சவர்க்காரம் போடுகிறேன். கரிமருந்தும் பித்தளையும் சேர்ந்த அந்த நாற்றம் நகத்துக்குள் போய்விடும். சோற்றைக் குழைத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் அதுதான் முதலில் வரும். நான் கரண்டியால் சாப்பிடப் பழகியதை நாகரிகம் என்று எங்கள் ஆட்கள் பகிடி பண்ணினார்கள்.

அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் பிலோமினாக்கா. மன்னார்க்காரி. பழைய நகரப் பக்கம், கால்சாவில் ஒரே அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். கிழமைக்கு மூன்று நாள் வந்து வீடு கூட்டித் துடைப்பார். பின்னறைக்குள் போகுமுன் ஒருமுறை சிலுவை போட்டுக்கொள்வார்.

ஒரு மார்கழியில் தோட்டாக்கள் பிழைக்கத் தொடங்கின. கோதின் வாயில் சன்னத்தை வைத்து, மேசையில் பூட்டியிருந்த பொறியின் கைபிடியை இழுத்தால், மேலேயிருக்கும் அச்சு அதைக் கீழே அமர்த்தும். எல்லாச் சன்னமும் ஒரே ஆழத்துக்கு இறங்க வேண்டும். ஆனால் ஒன்று சரியாக நின்றது, அடுத்தது மயிரளவு தாழ்ந்தது, அதற்கடுத்தது இன்னும் தாழ்ந்தது. அளவுக்கு மிஞ்சி இறங்கினால் உள்ளே அமுக்கம் கூடி, துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கலாம். சின்யோரே மேசையில் அடித்தார். ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் அச்சின் திருகை யாரோ திருப்பிவிட்டார்கள் என்றார். என் பெர்மெஸோ, அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி, முடிய மூன்று கிழமைதான் இருந்தது. அதைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், கொடுப்பதற்கான வேலைக் கடிதத்தை அவர்தான் எழுத வேண்டும். பிழை திருந்தும்வரை கடிதம் கிடையாது என்றுவிட்டார்.

பிலோமினாக்கா குசினிக்குள் என்னைக் கூப்பிட்டுக் குசுகுசுத்தார். "தம்பி, நான் மேசையை மட்டும்தான் துடைச்சனான். துணி கினி பட்டுத் திரும்பிச்சுதோ தெரியேல்லை. உன்ரை சொல்லைக் கேப்பார், ஒருக்காக் கதைச்சுப் பாரன்."

"ஓம் அக்கா" என்றேன். கதைக்கவில்லை. கடிதம் கைக்கு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தேன். அடுத்த நாளே சின்யோரே அக்காவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்.

பிழை மட்டும் நிற்கவில்லை. கண் மங்கிய மனிதர், அளக்கும் வேலையை என் தலையில் கட்டினார். உயர்தர வகுப்பில் வேணியர் இடுக்கிமானியால் கண்ணாடிக் கோலி அளந்தவன் நான், இப்போது சன்னம் அளந்தேன். திருகை இறுக்கிப் பார்த்தேன். கைபிடியை ஒரே வேகத்தில் இழுத்துப் பார்த்தேன். சன்னங்களின் கூர்முனை ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கிறதோ என்று, முனையை விட்டுவிட்டு அதன் தோளிலிருந்து அளந்தேன். ஒன்றும் சரிவரவில்லை. காலைக் குளிரில் பிழை கூடியது, வெயில் ஏறினால் குறைந்தது.

மூன்றாம் நாள் காலை, ஒரு சன்னத்தின் மூக்கில் மெழுகுபோல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அடுத்த சன்னம் சொல்லிவைத்ததுபோலச் சரியான அளவுக்கு இறங்கியது. அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். என் தலைமுடியின் மணம்.

தேங்காய் எண்ணெய். ஐப்பசியில் பொறியைத் துடைத்தபோது, விசுவாசம் மிஞ்சிப்போய் அச்சுக்குள் நான்தான் விட்டேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஊரில் மெஷின் எண்ணெய் ஏது? சைக்கிளுக்கும், பூட்டுக்கும், தையல் மெஷினுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அங்கே அது உறைந்து நான் கண்டதில்லை. பலெர்மோக் குளிரில் அச்சின் குழிக்குள் கட்டியாகி, சன்னத்தைக் கூடுதலாகத் தள்ளியிருக்கிறது. கட்டி ஒரு சன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அடுத்தது சரிவரும். பிறகு மேலேயிருந்து வழிந்தது மறுபடியும் குழியில் கட்டியாகும்.

அச்சைக் கழற்றிச் சுடுநீரில் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்துப் பூட்டினேன். இருபது தோட்டா அளந்தேன். இருபதும் ஒரே அளவு. சின்யோரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் தட்டினார். அந்தப் பெண் போனாள், பிழையும் போனது, பார்த்தாயா என்றார்.

ஆமாம் சின்யோரே என்றேன். கூசாமல் சொன்னேன். இதை எழுதும்போதும் என் வாயை நினைக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பங்குனியில், பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்துநின்றபோது பிலோமினாக்காவைக் கண்டேன். அங்கே ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை, போகவும் வரவும் பஸ், பிள்ளைகள் பக்கத்து அறைக்காரியிடம். ஆள் வற்றிப்போயிருந்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பெர்மெஸோ கிடைச்சிட்டுதே, தம்பி?"

"ஓம் அக்கா."

"மாதாவே. என்ரை கவனக்குறைவாலை உனக்கும் இல்லாமல் போயிடுமோ எண்டு பயந்து கொண்டிருந்தனான். மனசிலை வைக்காதை."

பஸ் வந்தது. அவர் ஏறினார், நான் கை காட்டினேன்.

சின்யோரே எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மாடியில் இப்போது உல்லாசப் பயணிகள் தங்குகிறார்கள். பின்னறையைக் குளியலறை ஆக்கிவிட்டார்களாம். பிலோமினாக்கா வட இத்தாலியில் இருந்த மகளிடம் போய் அங்கேயே காலமானார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். கடைசிவரை, திருகைத் திருப்பியது தன் கைதான் என்று நம்பிக்கொண்டே போயிருப்பார்.