எண்ணெய்த் தலைகள்

மூளை ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஒரகடத்தில் தற்காலிக ஆய்வாளராக இருந்தேன். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களின் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் வேலை. எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது. "எண்ணெய் வைக்காம வாங்க" என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவேன். டாக்டரைப் பார்க்கப் பரட்டைத் தலையோடு போவதா என்று எல்லாரும் வழிய வழியத் தடவி, படிய வாரிக்கொண்டு வருவார்கள். எரிச்சலில் நானே ஷாம்பு போட்டு அலசிவிடுவேன்.

ஒருநாள் குழாயடியில் தலையைக் கொடுத்திருந்த செல்போன் கம்பெனிப் பெண் கேட்டாள்: "இது பர்மனென்ட் வேலையாக்கா?"

"இல்ல, காண்ட்ராக்ட்."

"அப்போ எங்க லைனுக்கு வந்துடுக்கா. பஸ்ஸாவது வூட்டாண்ட வரும்."

அன்று மாலை படப்பை ஷேர் ஆட்டோவில் நான் பாதி தொங்கிக்கொண்டு போக, அவளுடைய கம்பெனி பஸ் ஹாரன் அடித்து முந்திப் போனது.